ஊசிமலை அளவு

தணிகைவேலு மூன்றாவது முறையாக தன் மழைப் பக்கத்திலிருந்து அந்தப் பின்னூட்டத்தை அழித்தார்.

"எவனோ வேலையத்தவன்," என்றார். "பேரு ஈரக்காத்தாம். அழிக்க அழிக்கப் போடறான்."

"என்ன போடறான்?" பிலோமினா கேட்டார்.

"ஊசிமலையில காலை எட்டரையிலருந்து பன்னெண்டு வரைக்கும் நூத்திப்பன்னெண்டு மில்லி மழையாம். நிஜாம் பக்கத்துல போட்டிருக்காம். போய்ப் பாருங்கன்னு லிங்க் வேற. என் வாசல்ல நின்னுகிட்டு அடுத்த வீட்டுக்கு ஆள் பிடிக்கறான், டீச்சர்."

அவர் கையிலிருந்த போன் அதிர்ந்தது. அதே பின்னூட்டம். நான்காவது முறை.

தணிகைவேலு நிமிர்ந்தார். எதிரே, மடித்து அடுக்கிய ஷாமியானாத் துணிகளின் மேல் உட்கார்ந்திருந்த பிலோமினா தன் போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"நீங்களா?"

"நான்தான்."

வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது.

பிலோமினாவுக்கு முப்பத்தாறு வயது. தணிகைவேலுவுக்கு ஐம்பத்தொன்று. பிலோமினா பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவரல்ல. சந்தைமேட்டில் பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தார். பந்தல் போட்ட பிறகு மழை வந்தால் துணியும் வீணாகும், கல்யாண வீட்டாரிடம் வசவும் வாங்க வேண்டும். அதனால் மேகத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டார். அந்த மாவட்டத்தில் மழையைப் பற்றி முதலில் வலைப்பூ எழுதியவர் அவர்தான். செயற்கைக்கோள் படத்தில் எது மழை மேகம், எது வெறும் மூட்டம் என்று தணிகைவேலுவுக்குக் காட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து அவருக்கு டீச்சர்.

பிலோமினாவின் வலைப்பூவில் இரண்டு வருடமாக எதுவும் வரவில்லை. தணிகைவேலுவின் 'மேகவேலு' பக்கத்தைத் தினமும் ஒன்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

"உங்க பேர்லயே போட்டிருக்கலாமே?"

"போட்டா, டீச்சர் சொன்னதுன்னு விட்டு வைப்பீங்க. ஈரக்காத்து சொன்னா விடுவீங்களான்னு பார்த்தேன்."

தணிகைவேலு சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"கரண்ட் இல்ல, சார்ஜ் போட வந்தேன்னு சொன்னேன். அது மட்டுமில்ல டீச்சர். ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணா."

"நிஜாமை எப்படி முந்தறது?"

பிலோமினா போனை மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார்.

"கோஆபரேட்டிவ் பேங்க்ல கிளார்க்கு. படம் பார்க்கத் தெரியாது. காத்துன்னா எது, திசைன்னா எதுன்னு தெரியாது. போன மாசம் நானூறு பேரு வெச்சிருந்தான். இப்ப ஆயிரத்தைத் தாண்டிட்டான். ஒரே மாவட்டத்துக்கு ரெண்டு பேரு எதுக்கு?"

பிலோமினா பக்கத்தில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்தார். அதன் வெற்றுப் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். கோடு நடுவில் இரண்டு இடத்தில் வளைந்தது. ஆறு என்று பார்த்ததும் தெரிந்தது.

"இன்னைக்கு உங்க பக்கத்துல எத்தனை பேரு மழை அளவு போட்டிருக்காங்க?"

"பதினாலு பேரு."

"ஊரைச் சொல்லுங்க."

அவர் சொன்னார். பிலோமினா ஒவ்வோர் ஊருக்கும் ஒரு புள்ளி வைத்தார். பதினான்கு புள்ளிகளும் கோட்டின் அடியில், கட்டைவிரலால் மறைத்துவிடக்கூடிய இடத்துக்குள் விழுந்தன.

"மேல?"

"மேல எனக்கு ஆளில்ல."

"மழை?"

தணிகைவேலு அந்தப் புள்ளிகளையே பார்த்தார்.

"ஜூன் மாசம் ஒருத்தரு இருந்தாரே," என்றார் பிலோமினா.

ஊசிமலை எஸ்டேட்டில் காவலுக்கு இருக்கும் மாதையனைத்தான் சொன்னார். மழைமானியில் சேர்ந்த தண்ணீரைத் தினமும் காலை எட்டரைக்கு அளந்துவிட்டுக் கவிழ்த்துவிட வேண்டும். மாதையன் ஒரு சாவுக்குப் போய்விட்டு மறுநாள்தான் மலையேறினார். இரண்டு நாள் தண்ணீரையும் ஒன்றாக அளந்து, ஒரு நாள் மழை என்று தணிகைவேலுவின் பக்கத்தில் போட்டுவிட்டார். தணிகைவேலு அதை வைத்து ஒரு பதிவு எழுதினார். 'ஊசிமலைக்கு மட்டும் தனி மேகம்' என்று தலைப்பு. முந்நூற்று நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். அதன் பிறகு மாதையன் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை.

"இப்பவும் அவரு கவுத்திருக்க மாட்டாரு," என்றார் தணிகைவேலு. "நூத்திப்பன்னெண்டுக்கு வாய்ப்பே இல்ல. மேகம் கிழக்கால ஒதுங்கிடுச்சு."

"ஒதுங்கிடுச்சா? இல்ல, ஒதுங்கினா நல்லாருக்கும்னு நினைக்கறீங்களா?"

அவர் போனைப் பார்த்தார். வந்ததிலிருந்து ஐந்தாறு முறை அப்படிப் பார்த்துவிட்டார். பின்னூட்டத்தை அல்ல. வேறு எதையோ.

"என்னண்ணா?"

"ஓடைக்கரையிலருந்து ஒரு அம்மா. சந்திரமதின்னு பேரு. காலையில தனியா மெசேஜ் போட்டிருந்தாங்க."

போனை நீட்டினார். பிலோமினா படித்தார். 'சார், எங்க வீடு ஆத்தோரம். மாமனார் படுத்த படுக்கை. வீட்டுக்காரர் ஓசூர்ல. கிளம்பறதா, இருக்கறதா? நீங்க சொன்னா சரி.'

"என்ன சொன்னீங்க?"

"மதியத்துக்கு மேல குறைஞ்சிடும், இருங்கன்னு."

"எப்ப?"

"ஒன்பது மணிக்கு."

சுவரில் மணி பன்னிரண்டு ஐம்பது.

பிலோமினா எழுந்து நின்றார். "இதையில்ல நீங்க முதல்ல சொல்லியிருக்கணும்! மலைத் தண்ணி ஓடைக்கரைக்கு எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம். அதுக்கும் குறைவாக்கூட வரலாம்."

"தாலுகா ஆபீஸு?"

"போட்டுப் பார்த்தேன். எங்கேஜ்டாவே இருக்கு."

பிலோமினா தன் போனில் ஓர் எண்ணைத் தட்டி அவரிடம் கொடுத்தார். யாருக்கு என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மணி நெடுநேரம் அடித்தது. எடுத்ததும் முதலில் மழைதான் கேட்டது. தகரத்தில் கல்லைக் கொட்டுகிற மாதிரி.

"மாதையன், நான் தணிகைவேலு பேசறேன்."

"எந்தத் தணிகைவேலு?"

"மேகவேலு."

"சொல்லுங்க சார்."

"காலையில... கவுத்தீங்களா?"

"நீங்க சிரிச்ச நாள்லருந்து ரெண்டு தரம் கவுக்கறேன் சார்."

தணிகைவேலுவின் காது சிவந்தது.

"எட்டரைக்குக் கவுத்தேன். நிஜாம் தம்பி போன்லயே அரை மணி நேரம் சொல்லிக்குடுத்துச்சு, எப்படி வைக்கணும், கண்ணை எங்க வெச்சுப் பார்க்கணும்னு. அப்புறம் ஒருநாளும் தப்பல."

"இப்ப எவ்வளவு?"

"இப்பத்தான் பார்த்துட்டு வந்தேன். நூத்தி முப்பத்தெட்டு. கீழ தரைப்பாலம் தெரியல சார். மேகம் இங்கியே உக்காந்துகிச்சு, நகரவே மாட்டேங்குது. வெச்சிடவா?"

தணிகைவேலு போனைத் திருப்பிக் கொடுத்தார். தன் போனை எடுத்துச் சந்திரமதிக்கு எழுதினார். 'அம்மா, உடனே கிளம்புங்கள். நான் சொன்னது தவறு.' அழைத்தும் பார்த்தார். எடுக்கவில்லை.

ஏழு நிமிடம் கழித்துப் பதில் வந்தது. 'எப்படி சார் கிளம்பறது? நான் ஒருத்தி. அவரைத் தூக்க முடியாது. பக்கத்து வீட்டுல பூட்டு. ஆட்டோ வரமாட்டேங்கறான்.'

தணிகைவேலு தன் பக்கத்தில் அவசரமாக எழுதினார். 'ஓடைக்கரை அருகில் யாராவது இருக்கிறீர்களா? வண்டி வேண்டும். ஒரு நோயாளியை மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.'

ஒரு நிமிடத்தில் அறுபது பேர் பார்த்துவிட்டார்கள். பின்னூட்டங்கள் வரத் தொடங்கின.

'கிரேட் சர்வீஸ் சார்.'

'எங்க ஏரியாவுக்கு எப்ப சார் மழை?'

'தலைவா, நாளைக்கு ஸ்கூல் லீவா?'

'லீவா சார்?'

'சார் ப்ளீஸ் லீவ்னு சொல்லுங்க.'

தணிகைவேலு விரலால் தள்ளிக்கொண்டே போனார். ஓடைக்கரை என்ற சொல்லே அவற்றில் இல்லை. ஒன்பதாயிரம் பேரில் யார் எந்த ஊர் என்று அவருக்கே தெரியவில்லை.

"அங்க கேளுங்க," என்றார் பிலோமினா.

"எங்க?"

பிலோமினா தன் போனில் நிஜாமின் பக்கத்தைக் காட்டினார்.

"என் பேர்லயா?"

"வேற யாரு பேர்ல?"

"நானே அங்க போய்க் கேட்டா... என் பக்கத்துக்கு அப்புறம் யாரு டீச்சர் வருவாங்க?"

பிலோமினா சுவரைப் பார்த்தார். மணி ஒன்று பத்து. தணிகைவேலுவும் அதைப் பார்த்தார்.

அவர் நிஜாமின் பக்கத்தைத் திறந்தார். அங்கே பதிவென்று பெரிதாக எதுவும் இல்லை. 'இன்றைய மழை. அவரவர் ஊரைப் போடுங்கள்' என்று ஒரு வரி. அதன் கீழே நீண்ட வரிசை. அளவுகளுக்கு நடுவே ஒருவர் மெழுகுவத்தி கேட்டிருந்தார். இன்னொருவர் எந்தக் கடை திறந்திருக்கிறது என்று சொல்லியிருந்தார். தணிகைவேலு வரிசையின் அடிக்குப் போய், இரண்டு முறை எழுதி அழித்து, மூன்றாவது முறை அனுப்பினார்.

'நான் தணிகைவேலு. காலையில் தவறாகச் சொல்லிவிட்டேன். ஓடைக்கரையில் ஆற்றோரம் ஒரு வீடு. படுக்கையில் ஒரு பெரியவர். உதவி வேண்டும்.'

ஒன்றும் வரவில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

பிறகு ஒருவர் எழுதினார். 'யாரு, தனி மேகம் எழுதினவரா?'

தணிகைவேலு கண்ணை மூடிக்கொண்டார்.

உடனே அடுத்தது. 'டேய் சும்மா இரு. சார், நான் ஓடைக்கரைக்குப் பக்கத்து ஊரு. மச்சானோட ட்ராக்டர் இருக்கு. எந்தத் தெரு?'

அதன் கீழே இன்னொருவர். 'அக்காவை இங்க வரச் சொல்லுங்க. வழி கேக்கணும்.'

சந்திரமதிக்கு அந்தப் பக்கத்தின் முகவரியை அனுப்பினார் தணிகைவேலு. பிறகு தன் பக்கத்துக்கு வந்து, மதியத்துக்கு மேல் மழை குறையும் என்று காலையில் போட்ட பதிவின் தலையில் எழுதினார். 'இது தவறு. மலையின் அளவு என்னிடம் இல்லை. நிஜாம் பக்கத்தில் இருக்கிறது. ஆற்றோரம் இருப்பவர்கள் அங்கே பாருங்கள்.' ஈரக்காத்தின் பின்னூட்டத்தை அப்படியே விட்டார்.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை.

மழை நிற்கவில்லை. கடை வாசலில் தண்ணீர் முதல் படியைத் தொட்டது. பிலோமினா கீழ்வரிசைத் துணிகளை மேலே ஏற்றினார். தணிகைவேலு உதவப் போனார். ஒரு துணிக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பிலோமினா வாங்கி வைத்தார்.

"நீங்க ஏன் டீச்சர் எழுதறதை நிறுத்தினீங்க?"

"எங்க நிறுத்தினேன்? தினம் எழுதறேனே. கமென்ட்ல."

"என் பக்கத்துல பார்த்திருக்கேன். சந்தைமேடு இத்தனை மில்லின்னு."

"நிஜாம் பக்கத்துலயும்தான்."

"அங்கயுமா?"

"மழை அங்கயும் பெய்யுதே."

மணி இரண்டு ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. சந்திரமதியிடமிருந்து எதுவும் வரவில்லை. அழைத்தால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. மாதையன் நூற்று அறுபத்தொன்று என்று போட்டிருந்தார். ட்ராக்டர்காரர் 'கிளம்பிட்டோம்' என்று எழுதியதோடு சரி.

"ட்ராக்டர் நடுவுல நின்னுருக்குமோ?"

"தெரியலண்ணா."

"காலையிலயே சொல்லியிருந்தா நடந்தே போயிருக்கலாம். நாலு பேரு கிடைச்சிருப்பாங்க. கட்டிலோட தூக்கியிருக்கலாம்."

பிலோமினா இன்னொரு துணிக்கட்டை மேலே தூக்கி வைத்தார். ஆறுதல் சொல்வார் என்று தணிகைவேலு கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அவர் போனை மேசைமேல் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துடுச்சு," என்றார்.

பிலோமினா திரும்பினார்.

தணிகைவேலு வாய்விட்டுப் படித்தார். "மாமனாரைக் கட்டிலோட ஏத்திட்டாங்க. மேட்டுப் பள்ளிக்கூடத்துல இருக்கோம். போனுக்கு இப்பத்தான் சார்ஜ் கிடைச்சுது. நாங்க ஏறும்போதே வாசல்ல தண்ணி வந்துடுச்சு. இப்ப வீடு பாதிதான் தெரியுது. வந்த தம்பிங்களுக்கு நன்றி. மலையில அளவு பார்த்த அண்ணனுக்கு நன்றி."

பிலோமினா மூச்சை விட்டார். துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தார்.

தணிகைவேலு இன்னொரு முறை மனதுக்குள் படித்தார். தன் பக்கத்தைத் திறந்து பார்த்தார். தனிச் செய்திகளைத் திறந்து பார்த்தார். இரண்டிலும் ஒன்றுமில்லை.

"நிஜாம் பக்கத்துலதான் போட்டிருக்காங்க," என்றார். "எனக்கு ஒரு வரி இல்ல."

"மேட்டுல இருந்துதானே போட்டிருக்காங்க?" என்றார் பிலோமினா.

தணிகைவேலு குடையை எடுக்காமல் டீச்சரின் மழைமானி இருந்த மொட்டைமாடிக்கு ஏறிப் போனார். சொட்டச் சொட்ட இறங்கி வந்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, போனை முகத்துக்கு அருகில் பிடித்து, மாதையனின் வரிக்குக் கீழே எழுதினார்.

'சந்தைமேடு. எட்டரையிலிருந்து 41.'