திரை அணைந்த கூட்டம்

"இலவசமாக் கிடைக்கிறதைப் பொறுக்கி வச்சுக் கம்பெனி நடத்துதுங்களாம்!" என்று பக்கத்தில் யாரிடமோ சொல்லிச் சிரித்தார் வைத்தியலிங்கம். காணொளிக் கூட்டத்தில் தன் மைக் திறந்திருப்பதை அவர் கவனிக்கவில்லை. புதுக்கோட்டையில் இருந்த செம்மலருக்கு அது தெளிவாகக் கேட்டது.

செம்மலரும் தோழி ரெஜினாவும் விவசாயிகளுக்கு வாடகை டிராக்டர் பிடித்துக் கொடுக்கும் சிறு நிறுவனம் நடத்தினார்கள். முன்பதிவு, கணக்கு, விளம்பரப் படம் எல்லாமே இணையத்தின் இலவசக் கருவிகளில்தான். அதை வைத்தே மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டார்கள். அடுத்த மாவட்டத்துக்குப் போக முதலீடு வேண்டும். அதற்கு முதலீட்டு நிறுவன அதிகாரியான வைத்தியலிங்கம் கையெழுத்துப் போடவேண்டும்.

"இலவசத்தையெல்லாம் தூக்கிப் போடுங்க. மாட்டேன்னா, இந்தக் கூட்டம் முடியும்போது உங்க விண்ணப்பமும் முடிஞ்சுது" என்றார் அவர்.

கோபமாகப் பேசவந்த ரெஜினாவின் கையைச் செம்மலர் அழுத்தினாள். திரையின் மூலையில் குறைந்துகொண்டே வந்த நேரத்தை அவள் பார்த்துவிட்டாள்.

"இலவசத்துல என்ன கெடுதல் சார்? கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்களேன்."

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. விளக்கு விளக்கென்று விளக்கினார். "முக்கியமான நேரத்துல காலை வாரிடும்மா. நாம பேசிக்கிட்டே இருப்போம், அது பாட்டுக்கு..."

திரை அணைந்தது. உடனே போன் அடித்தது.

"என்னம்மா, உங்க ஊர்ல நெட் இல்லையா?"

"நெட் இருக்கு சார். நீங்க கூட்டினது இலவசக் கூட்டம், அதான் நேரம் முடிஞ்சதும் நின்னுபோச்சு. எங்களோடதும் இலவசம்தான். ஆனா எது எவ்வளவு தாங்கும்னு பார்த்துத்தான் எடுப்போம். எங்க லிங்க்கை அனுப்பட்டுமா சார்?"

"அனுப்பும்மா" என்று போனை வைத்தார் அவர்.

பிறகு வைத்தியலிங்கம் அவள் அனுப்பிய இணைப்பில் உள்ளே வந்து, மைக்கை மூடிக்கொண்டு, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.