ஒரே பானை, மூன்று குழல்

முன்னொரு காலத்தில் செம்மண்கோட்டைச் சீமையைக் கோதண்டராசன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் சொன்னதை மாலையில் மாற்றுகிற ராஜா! அவருடைய களஞ்சிய அதிகாரி வங்காரப்பருக்கு மந்திரி அழகேசரைக் கண்டாலே வயிறு எரியும். ‘அவர் தும்மினால்கூட ராஜா “அடடா!” என்கிறார். நான் இருமினால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையே!’

அந்த எரிச்சல் அரண்மனையோடு நிற்கவில்லை. பக்கத்து வயல்காரி வீராயியின் கிணற்றில் ஒரு முழம் தண்ணீர் கூடக் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. தன் கிணற்றை ஆழமாக வெட்டுவார். வீராயி கிணறு வற்றும். அவளும் வெட்டுவாள். இவர் விடுவாரா? இப்படியே ஊர்க் கிணறெல்லாம் பாதாளத்துக்குப் போயின. தண்ணீர் இறைக்கக் கமலை இழுத்த மாடுகள் நுரை தள்ளின. மாட்டை விற்றவர்கள் பிறகு நிலத்தையும் விற்றார்கள், பிழைப்புத் தேடி மூட்டை கட்டினார்கள். அரண்மனைக் களஞ்சியத்தில் எலிக்குக்கூட நெல் இல்லை.

“ஏன் நெல் வரவில்லை?” என்று ராஜா கத்தினார்.

வங்காரப்பர் முந்திக்கொண்டார். “குடிகளுக்குச் சோம்பல், மகாராஜா. எல்லாம் மந்திரி கொடுக்கிற செல்லம்! என் வயல் பச்சையாக இல்லையா?”

“அழகேசரே, மாலைக்குள் காரணம் காட்டும். இல்லாவிட்டால் உம் பதவி வங்காரப்பருக்கு!”

மாலையில் சபை நடுவே ஒரு பலகை வந்தது. அதில் மூன்று துளை. அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் துணி தொங்கியது.

“பானகம், மகாராஜா,” என்றார் மந்திரி. “ஆளுக்கொரு துளை, பிடித்த மூங்கில் குழல். அதிகம் குடிப்பவரே கெட்டிக்காரர்.”

ராஜாவும் மந்திரியும் குட்டைக் குழல் எடுத்தார்கள். வங்காரப்பர் இருந்ததிலேயே நீளமானதைப் பிடுங்கினார். ‘மந்திரியைவிட ஒரு வாய் குறைந்தாலும் மானக்கேடு!’ மூச்சுவிடாமல் உறிஞ்சினார்.

கொஞ்ச நேரத்தில் ராஜாவின் குழலில் காற்றுதான் வந்தது. “என் பானகம் எங்கே?”

மந்திரி துணியை விலக்கினார். துளை மூன்று, பானை ஒன்று!

“வங்காரப்பர் வயிற்றில், மகாராஜா. கிணறும் இப்படித்தான். வரப்பெல்லாம் மண்ணுக்கு மேலேதான். அடியில் கிடக்கிற தண்ணீருக்கு ஏது வரப்பு?”

“ஓய் வங்காரப்பரே, உம் வயல் பச்சையான ரகசியம் இதுதானா? என்னையே தவிக்க விட்டீரே!”

பதில் சொல்ல வாயைத் திறந்த வங்காரப்பருக்கு ஏப்பம்தான் வந்தது. சபை குலுங்கிச் சிரித்தது.

ராஜா தன் முத்துமாலையை மந்திரிக்குப் போட்டார். “இனி எல்லாக் கமலைக்கும் ஒரே நீள வடக்கயிறுதான்; அதற்குமேல் யாரும் ஆழம் போகக் கூடாது. வங்காரப்பரே, வீராயி வயல் விளையும்வரை நீரேதான் அவளுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும். உம் கிணறு, உம் மாடு, உம் கை!”

மறுநாள் வங்காரப்பர் கமலை ஓட்டினார். கண் மட்டும் வீராயி கிணற்று வடத்திலேயே இருந்தது.

“ஏம்மா, உன் வடம் ஒரு சாண் கூடுதலோ?”

“தாராளமா அளந்து பாருங்கய்யா,” என்றாள் வீராயி. “மாட்டை மட்டும் நிறுத்திடாதீங்க!”