வெறும் பானை விற்ற விகடர்

முன்பு ஒரு காலத்தில், பெயர் சொல்ல அவசியமில்லாத ஒரு நாட்டில், ஒரு பங்குனி மாதக் காலையில், கொலுமண்டபத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு ஒருவரும் நான் பார்க்கவில்லை, நான் கேட்கவில்லை என்று நழுவக் கூடாது. சிம்மாசனத்தில் மகுடவர்ம மகாராஜா. அருகில் மகாராணி மங்கைநாச்சியார். வலப்பக்கம் பொக்கிஷ அதிகாரி ஆதிமூலராயர். அவருக்குப் பின்னால், அவர் தலையசைத்தால் தாமும் தலையசைக்கும் அதிகாரிகள் சிலர். தூணோரமாக, கடன் கேட்டு வந்திருந்த நெல் வியாபாரி வேலப்பன். எல்லோருக்கும் எதிரே, முதுகு வளையாமல், விகடர் கூத்தபிரான்.

கூத்தபிரானின் குடும்பம் சாதாரணக் குடும்பம் அன்று. ஒவ்வோர் ஆண்டும் சித்திரை முதல் நாள் மகாராஜா வழங்கும் தாம்பூலங்களில் முதல் தாம்பூலம் அந்த வீட்டுக்கு உரியது. கூத்தபிரானின் பாட்டனார் தம் அறிவால் சம்பாதித்த மரியாதை அது. அந்த வீட்டில் செல்வம் தங்கியதில்லை. மழைக்காலத்தில் கூரை ஒழுகியதும் உண்டு. ஆனால் அந்தத் தாம்பூலத்தை ஏந்திக்கொண்டு அவர்கள் தெருவில் நடந்து வரும்போது பல்லக்கில் போகிறவர்களும் இறங்கி நின்று வழிவிட்டார்கள். இரண்டாவது தாம்பூலம் ஆதிமூலராயருக்கு. அது அவருடைய தொண்டையில் சிக்கிய முள்.

அன்று வேலப்பன், வியாபாரம் படுத்துவிட்டது என்றும், முதல் இல்லை என்றும், பொக்கிஷத்திலிருந்து கடன் வேண்டும் என்றும் விண்ணப்பித்துக்கொண்டான். கூத்தபிரான் சும்மா இருந்திருக்கலாம்; இருக்கவில்லை.

"தொழிலுக்கு முதல் எதற்கு, வேலப்பா? மற்றவர் கண்ணில் படாத ஒன்று உன் கண்ணில் பட்டால் அதுதான் முதல்" என்றார்.

ஆதிமூலராயர் இந்த நேரத்துக்காகத்தான் பல வருஷமாகக் காத்திருந்தார். "மகாராஜா, விகடர் வாயால் சொன்னதைக் கையால் செய்து காட்டட்டுமே" என்று சொல்லி, அரசர் காதோரம் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். மகுடவர்மருக்கு விளையாட்டு என்றால் உயிர். உடனே கைதட்டினார்.

ராயர் அரண்மனைக் களஞ்சியத்துக்கு ஆள் அனுப்பி, அங்கே கிடந்தவற்றிலேயே மிகவும் பழையதாக, களிம்பேறிய ஒரு வெண்கலப் பானையைக் கொண்டுவரச் செய்தார்.

"கூத்தபிரானே, இந்தப் பானைக்குள் இருப்பதை விற்று நீர் ஒரு புதுத் தொழில் நடத்த வேண்டும்" என்றார் மகாராஜா. "சித்திரை முதல் நாள்வரை உம் குடும்பம் அதில்தான் பிழைக்க வேண்டும். அன்று பானையைத் திருப்பித் தரும்போது, உள்ளே இருப்பது இம்மியும் குறைந்திருக்கக் கூடாது. குறைந்தால் முதல் தாம்பூலம் ராயர் வீட்டுக்கு."

கூத்தபிரான் பானைக்குள் எட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. சபை சிரித்தது. அவர் மட்டும் விளிம்பில் இருந்த ராஜமுத்திரையை விரலால் தடவிக்கொண்டே, "உத்தரவு மகாராஜா" என்றார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. முத்திரை பதித்த பொருள் இரவில் அரண்மனைக்கு வெளியே தங்கக் கூடாது. ஆகவே பொழுது சாயும்போது பானையைப் பொக்கிஷத்தில் ஒப்படைத்து, விடிந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ராயர் நினைவூட்டினார். அதற்கும் கூத்தபிரான் சம்மதித்தார்.

வீட்டில் அவர் மனைவி செண்பகவடிவு பானையைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"உள்ள இருக்கறத விக்கச் சொன்னாங்களா? உள்ள என்ன இருக்கு?"

"வெறுமை."

"அதைத் தாளிச்சா எத்தனை பேரு சாப்பிடலாம்?"

"சிரிக்காதே. ஊரில் இல்லாதது எது என்று கண்டுபிடித்துவிட்டால், இதை எப்படி விற்பது என்று தெரிந்துவிடும்."

"இந்த வீட்டுல அரிசி இல்ல. மொதல்ல அதக் கண்டுபிடிச்சாச்சு" என்றவள், குரலைத் தாழ்த்தி, "மாமா காப்பாத்தி வச்ச மரியாதைங்க அது. அது போனா நான் தெருவுல தலை நிமிந்து நடக்க மாட்டேன்" என்றாள்.

கூத்தபிரான் சந்தைக்குப் போனார். வாங்கவில்லை, விற்கவில்லை, சந்தை கலையும்வரை சும்மா நின்றார். மறுநாளும் போய் நின்றார். அந்தச் சந்தையில் நெல் இருந்தது, உளுந்து இருந்தது, எள் இருந்தது. ஆனால் கடைக்குக் கடை அளக்கும் மரக்கால் வேறாக இருந்தது. ஒன்றுக்கு அடித்தட்டு தடிமன். இன்னொன்றின் வாய் நெளிசல். மூன்றாவது கடைக்காரரின் கட்டைவிரல் எப்போதும் மரக்காலுக்குள்ளேயே இருந்தது. வாங்குகிறவர் ஏசுவார், விற்கிறவர் சத்தியம் பண்ணுவார். கூடையோடு வந்த பெண்களில் பாதிப் பேர் வெறுங்கூடையோடு திரும்பினார்கள்.

வருஷக்கணக்காக எல்லோரும் பார்த்த காட்சி அது. அன்று கூத்தபிரானுக்கு மட்டும் மயிர்க்கூச்செறிந்தது. அரண்மனைக் களஞ்சியத்துப் பானைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. விளிம்புக்கு மேல் நிற்பதைக் கோலால் தள்ளித் தலை வழித்தால் சரியாக இரண்டு மரக்கால் பிடிப்பவை. குடிகளிடம் நெல் வாங்கும்போது மட்டுமே வெளியே வருபவை. நெல்லைக் கையால் தொட்டறியாத ஆதிமூலராயர் பழம்பானை என்று நினைத்து எடுத்துக் கொடுத்தது அவற்றில் ஒன்றை!

மறுநாள் காலை சந்தை வாசலில் ஒரு கல்லின் மேல் பானை உட்கார்ந்தது. பக்கத்தில் கூத்தபிரான் கூவினார்: "வெறுமை வாங்கலையோ, வெறுமை! ராஜமுத்திரை போட்ட வெறுமை!"

"விகடருக்கு முத்திப்போச்சுடா" என்று சந்தையே சிரித்தது. அப்போது கருத்தாயி என்பவள் வேலப்பன் கடையிலிருந்து இரண்டு மரக்கால் நெல்லோடு, அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

"ஏன் சாமி, இந்த வெறுமைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

"உன் நெல்லை அதில் கொட்டு தாயி. நிரம்பினால் நீ வேலப்பனைத் திட்டியது தப்பு. நிரம்பாவிட்டால் திட்டியது போதாது."

கருத்தாயி கொட்டினாள். நெல் விளிம்புக்கு நாலு விரல் கீழே நின்றுவிட்டது. வேலப்பன் ஓடி வந்தான்.

"பானை பெருசுங்க! இது என்ன நியாயம்?"

"அப்படியா? அந்த முத்திரையைப் பார்த்து, ராஜா பானை பெருசுன்னு உரக்கச் சொல்லப்பா. எல்லோரும் கேட்கட்டும்."

வேலப்பன் முத்திரையைப் பார்த்தான். கடைக்குப் போய் நெல் கொண்டுவந்து கொட்டினான். நெல் ஏறி ஏறி விளிம்பைத் தொட்டது. கூத்தபிரான் கோலால் தலை வழித்தார். ஒரு மணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குளத்துத் தண்ணீர்போல் நெல் சமமாக நின்றது. அத்தனை இரைச்சலும் அடங்கிவிட்டது. கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல் ஜனங்கள் நின்றார்கள். தாங்கள் வாங்கியது சரிதான் என்று அந்த ஊர் கண்ணால் கண்டது அன்றுதான். கருத்தாயி தானாகவே ஒரு கைப்பிடி நெல்லை எடுத்து விகடர் துண்டில் போட்டாள்.

அன்று மாலை செண்பகவடிவு உலை வைத்தாள்.

அதன் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. முதலில் முறைத்த வேலப்பனே, தன் மரக்காலைக் கோடாலியால் பிளந்துவிட்டு, "நம்ம கடை நெல்லு ராஜ பானையில அளந்தது! வா தாயி, வா!" என்று கூவ ஆரம்பித்தான். வெறுங்கூடையோடு திரும்பிய பெண்கள் அவன் கடையில் மொய்த்தார்கள். மற்ற வியாபாரிகளும் பானைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு ஒரு கைப்பிடி. சந்தை இரண்டு மடங்கு பெருத்தது. கடன் கேட்டு வந்த வேலப்பன் பிறகு அரண்மனைப் பக்கமே வரவில்லை. அந்த வழியாகப் போன மகாராஜா பல்லக்கை நிறுத்தி, நெல் நிரம்பித் தலை வழிப்பதைத் தம்மை மறந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

ராயரும் பார்த்தார். அவருக்குத் தூக்கம் போயிற்று.

சித்திரை முதல் நாள். வெள்ளித்தட்டில் முதல் தாம்பூலம் காத்திருந்தது. பொக்கிஷத்திலிருந்து வந்த பானையைக் கூத்தபிரான் அரசர் முன் வைத்தார்.

"மகாராஜா, இதற்குள் இருந்த வெறுமையை மாதம் முழுவதும் விற்றேன். ஆயிரம் பேர் வாங்கினார்கள். கொடுத்தபடியே திருப்பித் தருகிறேன்."

"அளந்து பார்த்துவிடலாமே" என்றார் ராயர் இனிமையாக. அதே அச்சில் வார்த்த இன்னொரு பானையைத் தலை வழித்து நிரப்பிக் கொண்டுவந்து இதில் கொட்டினார்கள். நெல் விளிம்பைத் தாண்டித் தரையில் சிந்தியது.

"குறைந்துவிட்டது, மகாராஜா! உள்ளே இருந்த வெறுமை குறைந்துவிட்டது!" என்றார் ராயர். பின்னால் இருந்தவர்கள் தலையசைத்தார்கள்.

கூத்தபிரான் பானையை உற்றுப் பார்த்தார். பாட்டனார் முகம் கண்முன் வந்தது. செண்பகவடிவு தலை குனிந்து தெருவில் போவது தெரிந்தது. நேற்று மாலைவரை சரியாக அளந்த பானை! நெல்லைக் கவிழ்த்துவிட்டு உள்ளே கைவிட்டார். அடியில் கரி வழுக்கியது. நகத்தால் சுரண்டினார். கரிக்கு அடியிலிருந்து சிவப்பாக ஏதோ நகத்தில் ஒட்டியது. முதுகு மறுபடி நிமிர்ந்தது.

"ஒரு சட்டி நெருப்புக்கு உத்தரவு கொடுங்கள், மகாராஜா."

"முத்திரைப் பானையை நெருப்பில் வைப்பதா? ராஜத் துரோகம்!" என்று ராயர் குதித்தார்.

"பானையை வேறு எதில் வைப்பார்கள், ராயரே? பல்லக்கிலா?"

மகாராணி வாயைப் பொத்திக்கொண்டார். நெருப்பு எரிந்த கணப்புச்சட்டியின் மேல் பானை ஏறியது. சற்று நேரத்தில் கூத்தபிரான் அதைத் துணியால் பிடித்துச் சாய்த்தார். சிவப்பாக, கெட்டியாக, அரக்கு உருகி வழிந்தது. குங்குமப்பூ மணம் மண்டபம் முழுவதும் பரவியது. அந்த மணமுள்ள அரக்கு அந்த நாட்டில் ஒரே இடத்தில்தான் உண்டு. பொக்கிஷக் கதவுப் பூட்டுக்கு வைக்கும் அரக்கு அது. ஒருவரும் ராயர் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டியிருக்கவும் இல்லை.

"மகாராஜா, ஆயிரம் பேர் வெறுமையை வாங்கினார்கள்; வாங்கியவுடன் அங்கேயே விட்டுப் போனார்கள்" என்றார் கூத்தபிரான். "ஒருவர் மட்டும் நேற்று இரவு கொஞ்சம் வெறுமையை வீட்டுக்கே எடுத்துப் போயிருக்கிறார். அதற்கு விலையாக இந்த அரக்கை வைத்திருக்கிறார். தாராள மனசு, ஆனால் என் தொழிலில் கைப்பிடி நெல்தான் விலை. அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்."

ஆறிய பானையில் மீண்டும் நெல்லைக் கொட்டினார்கள். விளிம்போடு விளிம்பாக நின்றது.

மகுடவர்மர் சிம்மாசனத்தின் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் எழுந்து நின்றே பேசினார். "ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு தொழிலைப் பார்த்த கண் இது. இனி என் நாட்டுச் சந்தை ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு பானை இருக்கும். அவற்றின் அதிகாரம் கூத்தபிரான் குடும்பத்துக்கு. ராயர் அடுத்த சித்திரை வரை சந்தை வாசலில் நின்று தலை வழிப்பார். இப்போது அந்த முதல் தாம்பூலத்தை அவர் கையாலேயே எடுத்துக் கொடுக்கட்டும்."

கொடுத்தார். ராயர் கொடுத்ததைச் சபை முழுவதும் பார்த்தது. கூத்தபிரான் தாம்பூலத்தை ஏந்திக்கொண்டு தெருவில் நடந்தார். செண்பகவடிவு வாசலில் தலை நிமிர்ந்து நின்றாள்.

அந்தப் பானைக்குள் ஒரு தேவதை குடியிருந்தது, அதுதான் அந்தக் குடும்பத்தை வாழவைத்தது என்று இன்றும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். பானைக்குள் ஒன்றும் இல்லை.