மாவு மில்லில் ஒரு கையெழுத்து

உடல் ஊனமுற்றவர்களைக் கடை, வங்கி, பஸ் என்று அழைத்துப்போய் ஊரோடு கலந்து பழக வைக்க ஒரு சேவை தொடங்கினாள் செண்பகவல்லி. அரசு அனுமதிக்கு விண்ணப்பமும் போட்டாள். பார்வையிட வந்தார் அதிகாரி ஞானசிகாமணி. அறையில் ஐந்து நாற்காலிகள், ஐந்தும் காலி.

"ஆளுங்க எங்கம்மா?"

"வெளிய போயிருக்காங்க சார்."

"நான் வர்றப்போ அஞ்சு பேரும் வரிசையா உட்கார்ந்திருக்க வேண்டாமா? அனுமதி கிடையாது!"

"உட்கார்ந்திருந்தாத்தான் சார் நீங்க மறுக்கணும். வெளிய போறதுக்குத்தானே அனுமதியே கேட்டேன்?"

"வெளிய போனா ஆச்சா? ஊரு சேர்த்துக்கிட்டதுக்கு என்ன சான்று?"

"அந்த அஞ்சு பேர்ல பெரியாண்டி அண்ணன் மாவு மில்லு வரிசையில இருக்காரு. அவரைக் கூட்டிட்டு வந்து இங்க உட்கார வச்சிருங்க. முடிஞ்சா, அனுமதியே வேண்டாம்."

இதென்ன பிரமாதம் என்று கிளம்பினார் அதிகாரி.

தீபாவளிக் கூட்டம். சக்கர நாற்காலியில், மடியில் முறுக்கு அரிசியோடு இருந்த பெரியாண்டி, வரிசையில் தனக்கு முன்னால் வாளியை நகர்த்தி வைத்துவிட்ட ஊர்க்காரி கோமதியோடு உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அதிகாரி நேராகப் போய் நாற்காலியைப் பிடித்து இழுத்தார்.

கோமதி சீறினாள். "யோவ், கையை எடு! நாங்க பேசிக்கிட்டிருக்கோம்ல? பாதிச் சண்டையில எங்க இழுத்துட்டுப் போற?"

"இடம் போயிரும் சார்," என்றார் பெரியாண்டி.

அதிகாரி நாற்காலியை விட்டார். கையெழுத்துப் போட விண்ணப்பத்தை மில் தராசுமேல் வைத்தார்.

"வரிசையில வாங்க சார்," என்றார் மில்காரர்.