நவநீதன் திரும்பி வருவதற்கான அத்தாட்சி

ஈரோட்டுக்குத் தெற்கே கூழைக்காட்டு வலசு என்று ஓர் ஊர். அங்கே இப்போது பஸ் நிற்பதில்லை. அதற்கு பஸ்ஸைக் குறை சொல்ல முடியாது. ‘பஸ் நன்றாக நின்ற பிறகு ஏறவும்’ என்று கதவோரம் எழுதியிருந்ததை ஊர்க்காரர்கள் படித்துவிட்டார்கள். வண்டி நின்றது, ஆனால் இன்ஜின் உறுமியது. இது நன்றாக நின்றதாகாது என்று ஒருவரும் ஏறவில்லை. டிரைவர் இன்ஜினை அணைத்தார். அப்போதும் கண்டக்டர் படியில் ஆடிக்கொண்டிருந்தார். அவரும் நிற்கட்டும் என்று காத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த டிரைவர் அந்த ஊர்ப் பக்கம் முகத்தைத் திருப்புவதே இல்லை.

அந்த ஊரில்தான் ராக்கியப்பனும் அவர் சம்சாரம் மயிலாத்தாளும் மஞ்சள் போட்டு, ஒரே பிள்ளை நவநீதனைப் படிக்க வைத்தார்கள். பிள்ளை ஊருக்குத் தப்பிப் பிறந்தவன் இல்லை. புத்தகத்தில் இருப்பதை இருந்தபடியே எழுதச் சொல்லி வாத்தியார் சொல்லியிருந்தார். அவன் பக்க எண்ணையும் சேர்த்து எழுதினான். மார்க்குக்கு ஒரு குறைவும் இல்லை.

மஞ்சளும் காய்கறியும் கெடாமல் வைப்பதற்கு வெளிநாட்டில் ஒரு படிப்பு இருக்கிறதாம். அதில் அவனுக்கு இடம் கிடைத்தது. செப்டம்பரில் காலேஜ் திறப்பதற்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். ஓடிப்போய் விசா கேட்டான். ‘படித்து முடித்ததும் இவன் சொந்த நாட்டுக்குத் திரும்புவான் என்று எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை’ என்று அனுப்பிவிட்டார்கள்.

பெற்றவள் என்ன பாடு பட்டிருப்பாள். கேள்விப்பட்ட எனக்கே அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மயிலாத்தாளின் அண்ணன் பொங்கியண்ணனைக் கூட்டி வந்தார்கள். ஊரில் யாருக்கு யோசனை வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போவார்கள். கண்ணை மூடி யோசிப்பார். யோசித்தாரா தூங்கினாரா என்பது எழுந்த பிறகுதான் அவருக்கே தெரியும்.

“ஏன் மச்சான், பையன் இன்னும் போகவே இல்லை. போகாதவனைத் திரும்பி வரமாட்டான்னு எப்படிச் சொன்னாங்க?” என்று கேட்டார் ராக்கியப்பன்.

“அதுல தப்பில்ல மாப்ள. போகாதவன் திரும்பி வந்ததா எங்கயாச்சும் கேட்டிருக்கியா? அவிய கணக்கு சரிதான்.”

மயிலாத்தாள் மூக்கைச் சிந்திக்கொண்டு, “அப்ப இங்கயே போயிப் போயி வந்து பழகினா ஆகாதாண்ணா?” என்றாள்.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. நவநீதனைக் குளத்துக்கரை வரைக்கும் அனுப்பினார்கள், திரும்பி வந்தான். பக்கத்து ஊருக்கு அனுப்பினார்கள், அங்கிருந்தும் வந்தான். சந்தைக்கு அனுப்பியபோது மட்டும் பொழுது சாயும்வரை காணோம். விசாக்காரர்கள் சொன்னது பலித்துவிட்டது என்று மயிலாத்தாள் அழ ஆரம்பித்துவிட்டாள். தக்காளி வாங்க மறந்து பாதி வழியில் திரும்பிப் போனானாம். இதையெல்லாம் ஊரே பார்த்தது. ஆனால் பார்க்க வேண்டிய அதிகாரி பார்க்கவில்லையே என்பது மறுநாள்தான் பொங்கியண்ணனுக்கு உறைத்தது.

ஈரோட்டில் இந்தக் காரியமெல்லாம் பார்த்துக் கொடுக்கும் உலகநாதன் என்பவரிடம் ராக்கியப்பனும் பொங்கியண்ணனும் நவநீதனும் போனார்கள். அவர் நிதானமாகத்தான் சொன்னார். சொத்து இருக்கிறதா, குடும்பம் இருக்கிறதா, தொழில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். “பையன் திரும்பி வந்தே தீரணும்ங்கற மாதிரி இங்க ஏதாச்சும் பாக்கி இருக்கணும். அது அந்த அதிகாரிக்குப் பார்த்ததும் தெரியணும். அவ்வளவுதான் விஷயம்.”

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.

“நாம கெட்டோம் மாப்ள,” என்றார் பொங்கியண்ணன். “நம்ம வீட்டுல எல்லாத்தையும் முடிச்சுத் தொலைச்சிருக்கோம். முடிஞ்சு போன வீட்டுக்கு எவன் திரும்பி வருவான்?”

அன்று சாயங்காலமே சமையலறைச் சுவர் ஒன்றை இடித்தார்கள். நவநீதன் படித்துவிட்டு வந்து கட்ட வேண்டிய சுவர் அது. வேறு யாரும் அதில் ஒரு கல் வைக்கக் கூடாது என்று ராக்கியப்பன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மறுநாள் குழம்புச் சட்டியில் பக்கத்து வீட்டு வெள்ளாடு வாய் வைத்தது. மயிலாத்தாள் கரண்டியை ஓங்கினாள். ராக்கியப்பன் தடுத்தார். சுவர் இல்லாத இடத்தில் ஆடு வருவது ஆட்டின் குற்றமில்லையாம்.

அடுத்து கிணற்று மோட்டாரைக் கழற்றி, பாதியைக் கிணற்று மேட்டிலும் பாதியை வீட்டுப் பரணிலும் வைத்தார்கள். மாட்டுவதற்கு மகன் வருவான். அதுவரை மஞ்சளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். அதற்கும் அடுத்து முடி வெட்டுகிறவரைக் கூப்பிட்டு, நவநீதனுக்கு இடது பக்கம் மட்டும் வெட்டச் சொன்னார்கள். மீசையிலும் அதே பக்கம். மீதிக்கு எப்போது வரட்டும் என்று அவர் கேட்டார். பட்டம் வாங்கியதும் என்றார் ராக்கியப்பன். அவரும் அந்த ஊர்க்காரர்தானே, சரியென்று கத்தியை உறையில் போட்டுக்கொண்டு போனார்.

இவ்வளவும் செய்தும், குடும்பம் என்று உலகநாதன் சொன்னது மட்டும் பாக்கி நின்றது. பொங்கியண்ணனுக்கு மேகலை என்று ஒரு மகள். பால் சொசைட்டியில் பால் அளக்கிறவள். லிட்டருக்கு ஒரு துளி குறைந்தாலும் விடமாட்டாள். நவநீதனுக்கு முறைப்பெண், இரண்டு பேருக்கும் பிடித்தமும் உண்டு. கல்யாணம் முடிவாயிற்று. ஆனால் முடிந்துவிடக் கூடாது.

முகூர்த்தத்தில் நவநீதன் தாலியை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டான். இரண்டாவது போட்டான். “நிறுத்து” என்றார் பொங்கியண்ணன். மூன்றாவதைப் படித்துவிட்டு வந்து போடட்டும் என்றார். தவில்காரர் ஓங்கிய குச்சியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையைத் தூக்கியபடியே நின்றார். வந்தவர்கள் கையிலிருந்த அட்சதையில் பாதியைப் போட்டுவிட்டு, மீதியை முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

மந்திரம் சொன்ன ஐயர்தான் பாவம், வேர்த்துப்போனார். தேவர்களைக் கூப்பிட்டாகிவிட்டது, திருப்பி அனுப்பவில்லையே என்றார்.

“இருக்கட்டும் சாமி,” என்றார் பொங்கியண்ணன். “வந்தவிய அப்படியே ஆகாசத்துல நிக்கட்டும். அவியளும் நமக்கு ஒரு சாட்சிதானே?”

பந்தியில் சாம்பாரோடு நிறுத்தினார்கள். ரசமும் மோரும் பாயசமும் நவநீதன் வந்த பிறகு. எல்லோரும் கை கழுவினார்கள். ராக்கியப்பனின் சித்தப்பா மட்டும் சாப்பாடு முடியாமல் எழுந்தால் இலைக்கு மரியாதை இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். அவரைப் பாயோடும் இலையோடும் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விட்டார்கள்.

மேகலை புடவையைக்கூட மாற்றவில்லை. நேரே மயிலாத்தாளிடம் வந்தாள். “அத்தை, நான் இப்ப உங்க மருமகளா, இல்ல அண்ணன் மகளா?”

“மூணுல ரெண்டு பங்கு மருமக, கண்ணு.”

“அப்ப மூணு வேளைல ரெண்டு வேளைதான் இங்க சமைப்பேன். காலைல எங்கப்பன் ஊட்டுல உக்காந்து திம்பேன்.”

அளந்து பேசுகிறாள் என்று எல்லோருக்கும் பெருமையாக இருந்தது.

விசா நேர்காணல் சென்னையில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரியம்மா. இங்கிலீஷில் நடந்ததை நம் பேச்சில் சொல்கிறேன். இந்தப் படிப்பை ஏன் எடுத்தீர்கள் என்று அந்த அம்மா கேட்டார்.

“எங்க ஊர்ல மஞ்சளை வேக வெச்சுக் காயப் போடறோம்ங்க. மழைல நனைஞ்சா பூஞ்சை பிடிச்சிருது. அதைத் தடுக்கறதுக்கு ஒரே வழி என்னன்னா...”

நவநீதன் நிறுத்திக்கொண்டான். அந்த அம்மா பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

“என்னன்னா?”

“அதைத் திரும்பி வந்துதாங்க சொல்லணும்.”

கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இரண்டு முடிச்சு ஆகியிருக்கிறது என்றான். போட்டோக்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினான். சுவர், மோட்டார், குச்சியை ஓங்கிய தவில்காரர், இலைக்கு முன்னால் சித்தப்பா. கடைசியாகத் தன் மீசையைத் தொட்டுக் காட்டினான். அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். இவ்வளவு வேலையைப் போட்டுவிட்டு ஒரு மனுஷன் வேறெங்கும் நிம்மதியாகக் குடியிருக்க முடியாது என்று சொல்லி விசா கொடுத்துவிட்டார்.

போனான். இங்கே ஐப்பசி மழை சமையலறைக்குள்ளேயே பெய்தது. மயிலாத்தாள் குடை பிடித்துக்கொண்டு தோசை சுட்டாள். ஒரு கல்லை எடுத்து வைத்தால் போதும். வைக்கமாட்டார்கள். அந்த ஈரச் சுவரோரம் பாம்பு கீம்பு வந்துவிடுமே என்று நினைக்கும்போதே எனக்குப் படபடக்கிறது. அவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். மயிலாத்தாள் தலை நிமிர்ந்தாள். இடிந்த சுவர் வழியாக நவநீதன் பெட்டியோடு உள்ளே வந்துகொண்டிருந்தான். தலைமுடி ஒரு பக்கம் காதோடும் ஒரு பக்கம் தோளோடும் இருந்தது. அம்மா ஓடி வந்து பெட்டியை வாங்கினாள். படிப்பு அதற்குள் முடிந்துவிட்டதா என்று கேட்டாள்.

“பாதி முடிஞ்சுதும்மா. மீதியை அங்க பாக்கி வெச்சுட்டு வந்திருக்கேன். இல்லாட்டி நான் திரும்பி அங்க போவேன்னு காலேஜ்ல எப்படி நம்புவாங்க?”

பொங்கியண்ணன் மருமகனைக் கட்டிக்கொண்டு கண் கலங்கினார். வெளிநாட்டுப் படிப்பு என்றால் சும்மாவா என்றார்.

முதலில் கொடுத்த விசா அவன் திரும்பி வந்ததோடு முடிந்துபோயிருந்தது. திரும்பவும் அதே கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். மேகலை முற்றத்துக்கு நடுவில் வந்து, பின்னலை முன்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றாள்.

“மூணாவதைப் போட்டுட்டு எங்க வேணா போங்க. போடாட்டி நான் எங்கப்பன் ஊட்டுக்கு மூணு வேளைக்கும் போயிருவேன்.”

வீடு கதிகலங்கிவிட்டது. மூன்றாவது முடிச்சைப் போட்டால் கல்யாணம் முடிந்துபோகும், விசா போய்விடும், படிப்பு பாதியிலேயே கெட்டுப் போகும். போடாவிட்டால் மேகலை போய்விடுவாள். விசாவா மேகலையா என்று ராக்கியப்பன் மகனைக் கேட்டார். இரண்டும்தான் என்று அழாத குறையாகச் சொன்னான் அவன்.

பொங்கியண்ணன் கண்ணை மூடினார். நல்ல வேளையாகக் குறட்டை வரவில்லை.

“பாதி முடிச்சுப் போடு,” என்றார்.

ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. அதில் இருந்த நியாயம் அப்படி. மேகலைகூட யோசித்துப் பார்த்துவிட்டு, அளவு சரியாகத்தான் வருகிறது என்று ஒப்புக்கொண்டாள். நவநீதன் நூலின் இரண்டு நுனியையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, ஒரு நுனியை உள்ளே விட்டு இழுக்கிற இடத்தில் நிறுத்தினான். போட்டோ எடுத்தார்கள். கையை எடுத்தான், அவிழ்ந்துவிட்டது. மறுபடி போட்டான், மறுபடி அவிழ்ந்தது. கடைசியில் ஒரு நுனியை மயிலாத்தாளும் மறு நுனியைப் பொங்கியண்ணனும் பிடித்துக்கொண்டார்கள். அதிகாரியம்மா போட்டோவைப் பார்த்ததும் வேறு கேள்வியே கேட்கவில்லையாம். விசாவைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்தாராம். நவநீதன் விமானம் ஏறிவிட்டான்.

போன வாரம் பால் சொசைட்டிக்குப் புதிதாக வந்த லாரி டிரைவர் இறங்கிப் பார்த்திருக்கிறார். மேகலை குனிந்து பால் அளந்துகொண்டிருந்தாள். அவள் பிடரிக்குப் பின்னால், ஆளுக்கு ஒரு மஞ்சள் நூல் நுனியை இரண்டு விரலால் பிடித்தபடி ஒரு பெரியவரும் ஓர் அம்மாளும் அசையாமல் நின்றார்கள். அவள் கேனுக்கு நகர்ந்தால் அவர்களும் நகர்ந்தார்கள். அவள் தும்மினால் மூன்று பேரும் சேர்ந்து குனிந்தார்கள். இதெல்லாம் என்னம்மா என்று அவர் பயந்துகொண்டே கேட்டார்.

மேகலை அளவையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எங்க ஊட்டுக்காரர் படிச்சுட்டு இருக்காருங்க.”