ஒட்டிலியா செதுக்கிய வரி

கேளுங்கள், நெடுங்காலத்துக்கு முன்னே ரைன் நதிக்கரை நகரம் ஒன்றில் ஒட்டிலியா என்றொரு கைம்பெண் இருந்தாள். மரப்பலகையில் புனிதர்களின் உருவம் செதுக்குவது அவள் தொழில். கஸ்பார் என்னும் அச்சுக்காரர் அந்தப் பலகையில் மை தடவி, தாளில் ஒற்றி விற்பார்.

ஓர் ஆண்டு கொள்ளைநோய் ஆற்றோரமாக ஊர் ஊராக வந்துகொண்டிருந்தது. நோயாளிகளின் காவலரான புனித ஆரோக்கியநாதரைச் செதுக்கச் சொன்னார் கஸ்பார். படத்தின் அடியில் ஒரு வரியும் கேட்டார்: "இந்தப் படம் உள்ள வீட்டில் நோய் நுழையாது." அது பொய் என்று ஒட்டிலியாவுக்குத் தெரியும். ஆனாலும் செதுக்கினாள்.

நூறு தாள்கள் ஒரே நாளில் போயின. மலைக்கு ஓட மூட்டை கட்டியவர்கள் மூட்டையை அவிழ்த்தார்கள். படத்தைக் கதவில் ஒட்டிவிட்டு ஊரிலேயே தங்கினார்கள்.

மறுவாரம் இருவரும் மீண்டும் அச்சடிக்க நின்றார்கள். ஒட்டிலியா முதல் தாளை உரித்தாள். நேரே பார்க்க வேண்டிய புனிதர் தலை குனிந்திருந்தார். இரண்டாம் தாளை உரித்தாள். அவர் கண்கள் அடிவரியைப் படித்துக்கொண்டிருந்தன. மூன்றாம் தாளில் அவர் கை நீண்டு வந்து அந்த வரியை மூடியிருந்தது.

பலகையைப் பார்த்தாள். அதில் தலை நிமிர்ந்தே இருந்தது; கையும் அவள் செதுக்கிய இடத்திலேயே இருந்தது. பலகையின் மேலிருந்த மை மட்டும் உயிருள்ள உடம்பைப் போல வெதுவெதுப்பாக இருந்தது.

கஸ்பாரின் முகம் வெளுத்தது. மை சரியில்லை, வேறு மை கரைக்கிறேன் என்றார்.

ஒட்டிலியா உளியை எடுத்து அந்த வரியை எழுத்து எழுத்தாகச் சீவி எறிந்தாள். இனிப் பட்டறைப் பக்கம் வராதே என்றார் கஸ்பார். அவள் தெருவில் இறங்கினாள்.

வீடு வீடாகப் போய், அந்த வரி பொய், இன்றே மலைக்குப் போய்விடுங்கள் என்றாள். முதல் வீட்டார் நம்பி வண்டி பூட்டினார்கள். இரண்டாம் வீட்டார் கல்லெறிந்தார்கள். மூன்றாம் வீட்டு வாசற்படியில் ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் காய்ச்சலில் கிடந்த மகளின் கழுத்தில் கட்டி புடைத்திருந்தது.

"அந்த வரியைச் செதுக்கியவள் நான்தான்," என்றாள் ஒட்டிலியா.

"எனக்கு வாசிக்கத் தெரியாதம்மா," என்றாள் அந்தத் தாய். "வாசித்தவர்கள் சொன்னதை நம்பித்தான் தங்கினோம்."

ஒட்டிலியா ஓடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் உதட்டில் தண்ணீர் தொட்டு வைத்தாள். மூன்றாம் நாள் குழந்தை கண்மூடியது. அதன் பிறகும் அவள் அந்த ஊரை விட்டுப் போகவில்லை.

ஆகவே, அஞ்சி நிற்பவருக்குப் பொய்யான தைரியம் கொடுக்காதீர்கள். பின்னால் உண்மையைச் சொன்னாலும் அது எல்லாரையும் காப்பாற்றாது.