எங்களுக்கும் அதே

மூக்கணாம்பாளையம் எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரிடமே கேட்டுப் பார்த்தேன். "ஊருக்கு வர்ற வழி எங்களுக்குத் தெரியாதுங்க. நாங்க எப்பவும் இங்கேயேதானுங்க இருக்கறோம்" என்றார். கோயம்புத்தூருக்கு அங்கிருந்து பஸ் உண்டு என்பது மட்டும் நிச்சயம். போன மாசி மாதம் நாலு பேர் அதில் ஏறித்தான் பெண் பார்க்க வந்தார்கள்.

மாப்பிள்ளை பெயர் ஆறுக்குட்டி. வயது முப்பத்தாறு. தோட்டம், கிணறு, பதினோரு மாடு எல்லாம் இருந்தது, பெண்தான் அமையவில்லை. துணைக்கு வந்தவர்கள் அவனுடைய மூன்று தாய்மாமன்கள். மூத்தவர் நல்லப்பன், நடுவுலவர் குப்பண்ணன், சின்னவர் சென்னியப்பன். மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, ஆகும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. இந்த நாலு பேருக்கும் பொங்கிப் போடுகிறவள் ஆறுக்குட்டியின் அம்மா பாவாயி.

பதின்மூன்று இடம் பார்த்துப் பதின்மூன்றும் தட்டிப்போனதில் பாவாயிக்கு வெறுத்துவிட்டது. முழங்கால் வலி வேறு, கூட வரமுடியாது. பஸ் ஏற்றிவிடும்போது சொல்லிவிட்டாள்.

"இது பதினாலாவது. இதையும் கெடுத்துப்போட்டு வந்தீங்கன்னா நான் காசிக்குப் போயிருவேன். அப்பறம் நாலு பேரும் அரிசியை அப்படியே மென்னு தின்னுக்குங்க."

நாலு பேருக்கும் சோற்றுக் கவலை வந்துவிட்டது. ஆறுக்குட்டிக்கு மட்டும் அதோடு இன்னொரு கவலையும் இருந்தது, பாவம். தனக்கென்று ஒருத்தி வரவேண்டும் என்று அவன் நிஜமாகவே ஏங்கிக்கொண்டிருந்தான்.

"நாங்க என்ன பண்ணோணும்னு சொல்லுக்கா, அதையே பண்றோம்" என்றார் நல்லப்பன்.

பாவாயி மூன்று விஷயம் சொன்னாள். ஒன்று, தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வருவதுதான் பொண்ணு, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, புது இடத்தில் போய் அதைக் கொண்டா இதைக் கொண்டா என்று மானத்தை வாங்காமல், பொண்ணு என்ன கேட்கிறதோ அதையே நீங்களும் கேளுங்கள். மூன்று, கடைக்காரர் எப்படிச் சாப்பிடச் சொல்கிறாரோ அப்படியே சாப்பிடுங்கள்.

தட்டு விஷயத்தை மட்டும் அவள் தன் காலத்துப் பெண் பார்ப்பதை நினைத்துச் சொல்லிவிட்டாள். பெண்ணோ வீட்டுக்கு வரவேண்டாம், ரேஸ்கோர்ஸ் பக்கத்தில் இருக்கும் ஒரு ஜப்பான் பலகாரக் கடைக்கு நாலரை மணிக்கு வாருங்கள் என்று சொல்லியிருந்தாள். போட்டோவும் அனுப்பவில்லை. நேரில் பார்த்துக்கொள்ளலாமாம்.

கடைக்குள் ஒரே பச்சை. சுவர் பச்சை, நாற்காலி பச்சை, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கேக்கும் பச்சை. மாட்சா என்று ஜப்பான்காரர்களின் தேயிலைப் பொடியாம், அதைப் போடாமல் அங்கே எதுவும் செய்வதில்லை. சென்னியப்பன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "நம்ம சோளத்தட்டைக் காட்டு வாசம் அடிக்குதுங்ண்ணா" என்றார். எல்லோருக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். என்ன வேண்டும் என்று உட்கார்ந்த இடத்துக்கே வந்து கேட்பார்கள். தயாரானதும் கூப்பிடுவார்கள், நாம்தான் எழுந்து போய்த் தட்டில் எடுத்துக்கொண்டு வரவேண்டும். இது நம்மவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கண்டதெல்லாம், தாங்கள் உட்கார்ந்த அரை நிமிஷத்தில் ஒருவர் இரண்டு கையிலும் தட்டை ஏந்திக்கொண்டு நேராக அவர்களைப் பார்த்து வந்ததைத்தான். வயது ஐம்பது இருக்கும். நல்ல கனத்த மீசை.

நாலு பேரும் எழுந்து நின்றார்கள்.

"மீசை இருக்குதேண்ணா" என்று குப்பண்ணன் காதோடு சொன்னார்.

"அக்கா தட்டைப் பத்தித்தானே சொல்லுச்சு? மீசையைப் பத்தி ஏதாச்சும் சொல்லுச்சா?"

"சொல்லலை."

"அப்பறம் என்ன? மாப்ளே, நல்லாப் பாத்துக்க. அப்பறம் பாக்கலைங்கக் கூடாது."

ஆறுக்குட்டி பார்த்தான். அவன் முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் அம்மா காசிக்குப் போவது கண் முன்னால் வந்ததால் வாயைத் திறக்கவில்லை. நல்லப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "உக்காருங்க அம்மிணி. கூச்சப்படாதீங்க. பாட்டு ஏதாச்சும் வருங்களா?" என்றார்.

மீசைக்காரர் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டு நாலு மேசை தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

"பாட்டு வராதாட்ட இருக்குது. ஆனா அடக்கமான பொண்ணு" என்றார் நல்லப்பன்.

அந்தச் சமயத்தில்தான் பூங்கோதை வந்தாள். மாட்டு டாக்டர். அன்னூர் ஆஸ்பத்திரியில் வேலை. "நாந்தானுங்க பூங்கோதை. நீங்கதானே மூக்கணாம்பாளையம்?" என்று சிரித்தாள். ஆறுக்குட்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் மாமன்மார் அவள் கையையே பார்த்தார்கள். கை காலியாக இருந்தது.

"தட்டு இல்லீங்களே" என்றார் சென்னியப்பன்.

"என்ன தட்டுங்க?"

விஷயத்தைச் சொன்னார்கள். இன்னொருத்தி என்றால் அப்படியே பஸ் ஏறியிருப்பாள். பூங்கோதை ஒரு கணம் யோசித்தாள். தட்டு எடுக்கும் மேடைக்குப் போய் ஒரு வெறும் தட்டை வாங்கி ஏந்திக்கொண்டு, நாலு அடி மெல்ல நடந்து வந்து மேசையில் வைத்தாள். மாமன்மாருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "மீசையும் இல்லை" என்று குப்பண்ணன் திருப்தியாகச் சொன்னார்.

பரிமாறும் பெண் குறிப்புப் புத்தகத்தோடு வந்தாள். "என்ன சாப்பிடறீங்க?"

நாலு பேரும் பூங்கோதையைப் பார்த்தார்கள்.

"மொதல்ல நீங்க சொல்லுங்க. எனக்கு இப்ப ஒண்ணும் வேண்டாம்" என்றாள் அவள்.

"எங்களுக்கும் அதே" என்றார் நல்லப்பன். "ஒண்ணும் வேண்டாம், நாலு."

"ஒண்ணும் வேண்டாமா, நாலு வேணுமா சார்?"

"ஒண்ணும் வேண்டாம்தான். நாலு பேருக்கு."

பரிமாறும் பெண் போய்விட்டாள். மேசையில் ஒன்றும் வரவில்லை. நாலு பேரும் ஒன்றும் வராததையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்து நிமிஷம் ஆயிற்று. பூங்கோதையின் போன் அடித்தது. ஏதோ ஒரு மாடு கன்று போடத் திணறுகிறதாம், ஐந்தேகாலுக்குள் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். போனை வைத்துவிட்டு ஆறுக்குட்டியைப் பார்த்தாள்.

"நான் கேக்காம நீங்க எதுவுமே கேக்கமாட்டீங்களா?"

"மாட்டேனுங்க" என்றான் அவன். "நீங்க எது கேட்டாலும் எனக்குச் சரிங்க."

அவள் அவனை மறுபடி ஒருமுறை பார்த்தாள். பிறகு பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டு, "சூடா மாட்சா ஒண்ணு, சர்க்கரை கம்மியா. மோச்சி ஒரு பிளேட்டு" என்றாள். மோச்சி என்பது நம்ம கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். எங்களுக்கும் அதே நாலு என்றார்கள்.

தயார் என்று கூப்பிட்டார்கள், பூங்கோதை போய்த் தட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தாள். கிண்ணத்தில் பச்சையாக நுரை பொங்கி நின்றது. மாட்டுக்காரர்கள் ஆனதால் பச்சையைக் கண்டு பயப்படவில்லை. ஆனால் மூன்றாவது விஷயம் பாக்கி இருந்ததே.

"இதை எப்படிங்க குடிக்கோணும்?" என்று குப்பண்ணன் பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார்.

பரிமாறும் பெண்ணுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. "ஜப்பான்ல ஒரு மொறை இருக்கு சார். கிண்ணத்தை உள்ளங்கையில வெச்சு, கடிகாரம் சுத்தற மாதிரி ரெண்டு சுத்துச் சுத்திட்டுக் குடிக்கணும்."

நாலு தலையும் சுவர்க் கடிகாரத்தின் பக்கம் திரும்பின. மணி ஐந்து. அதில் முள் இரண்டே இரண்டு.

"எந்த முள்ளுண்ணா?" என்றார் சென்னியப்பன்.

நல்லப்பன் நெடுநேரம் யோசித்தார். "சின்ன முள்ளுன்னா ரெண்டு சுத்துக்கு ஒரு நாள் ஆவும். நாளைக்கு இந்நேரம் குடிக்கலாம்."

"ஆறிப்போயிருமே."

"பொண்ணு வேற அவசரத்துல இருக்குது. பெரிய முள்ளை வெச்சுக்கலாம். ரெண்டே மணி நேரத்துல முடிஞ்சிரும்."

அப்படியே முடிவானது. நாலு பேரும் கடிகாரத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு, பெரிய முள் நகர நகரக் கிண்ணத்தையும் நகர்த்தினார்கள். அது நகர்ந்ததாகவே தெரியவில்லை. மணி ஐந்து ஐந்து ஆயிற்று, ஐந்து பத்து ஆயிற்று. அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதை அவன் பார்த்துவிட்டான். கண் கலங்கிவிட்டது.

"எனக்கு வெடுக்குன்னு குடிச்சுப்போட்டு உங்ககிட்டப் பேசோணும்னுதான் ஆசைங்க" என்றான். "ஆனா இன்னும் ஒண்ணே முக்கா சுத்துக்கு மேல இருக்குதுங்களே."

பூங்கோதை அவன் கிண்ணத்தைப் பிடித்து மடமடவென்று இரண்டு சுற்றுச் சுற்றினாள். "குடிங்க."

குடித்தான். கசந்தது. ஆனாலும் சிரித்தான்.

மாமன்மார் திடுக்கிட்டார்கள். மாப்பிள்ளை கிண்ணம் ரெண்டு சுற்று முடித்துவிட்டது, கடிகாரம் முடிக்கவில்லை. யாரோ தப்புச் செய்திருக்கவேண்டும், பெண் தப்புச் செய்திருக்க முடியாது. ஆகவே சென்னியப்பன் நாற்காலிமேல் ஏறிப் பெரிய முள்ளை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கினார். கணக்கு நேராயிற்று. மூவரும் நிம்மதியாகக் குடித்தார்கள். கல்லாவில் இருந்தவர் தலை நிமிர்ந்தார், மணி ஏழு பத்து என்று கண்டார், பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பூங்கோதை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதற்கு முன்னால் அவளை ஆறு பேர் பார்த்துப் போயிருக்கிறார்கள். ஆறு பேரும் அவளைக் கேட்காமலே அவளுக்கு என்ன வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தவர்கள். அவள் வாயைத் திறக்கிறவரைக்கும் காத்திருந்த முதல் ஆள் இவன்தான்.

பரிமாறும் பெண் வந்து, "வேற ஏதாச்சும் வேணுங்களா?" என்றாள்.

பூங்கோதை ஆறுக்குட்டியைக் கையால் காட்டினாள். "எனக்கு இவர் போதும்."

ஆறுக்குட்டி சந்தோஷத்தில் காலிக் கிண்ணத்தை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினான். மாமன்மார் பரிமாறும் பெண்ணின் பக்கம் திரும்பினார்கள்.

"எங்களுக்கும் அதே" என்றார் நல்லப்பன். "மூணு."

களைத்துப்போயிருந்த அந்தப் பெண் எதையோ குறித்துக்கொண்டு, "ரெடியானதும் கூப்பிடறோம் சார்" என்று போய்விட்டாள்.

பூங்கோதை ஆறுக்குட்டியைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போனாள். மாமன்மாரையும் கிளம்பச் சொன்னாள். ஆர்டர் கொடுத்துவிட்டு நடுவில் எழுந்து போவது மரியாதை இல்லை என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

அரை மணி கழித்துப் பாவாயி போன் செய்தாள். "சம்மதம்னு பையன் சொல்லிட்டான், என் வயித்துல பாலை வார்த்தீங்க. நீங்க ஏண்டா இன்னும் கெளம்பலை?"

"பொண்ணு கேட்டதையே நாங்களும் கேட்டிருக்கறமுக்கா" என்றார் நல்லப்பன். "இன்னும் வரலை."

"என்ன கேட்டுச்சு?"

"நம்ம ஆறுக்குட்டியத்தான். ஆளுக்கு ஒண்ணு சொல்லியிருக்கறோம்."

அந்தப் பக்கம் பாவாயி தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம், நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தவர் இன்னொரு கேக் வாங்கித் தட்டில் ஏந்திக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார். மூவரும் எழுந்து நின்றார்கள்.

"அக்கா, போனை வெச்சிரு, ஒண்ணு வந்துருச்சு" என்றார் நல்லப்பன். "மீசைதான் கொஞ்சம் அதிகமாப் போட்டுட்டாங்க."